நர்ஸின் மூக்கு

(இணையவழி இலக்கியக் கூட்டத்தில் நேரலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

இலக்கியக் கூட்டத்துக்கு ஒரு நர்ஸை அழைத்து வரலாறு பேசச் சொன்னால், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றித்தான் பேசுவாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கையில் விளக்கோடு அவரை நாம் பள்ளிக்கூடத்திலேயே பார்த்துவிட்டோம். நான் பேச வந்தது பெயர் தெரியாத இன்னொரு நர்ஸைப் பற்றி. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவருடைய தோலில் ஒரு புண் இருந்தது. மருத்துவ வரலாறு அவரைப் பற்றிக் குறித்துவைத்திருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தப் புண்ணிலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்த மாதிரி, லண்டனின் வடபகுதியான காலின்டேலில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனது. நாடு முழுவதிலுமிருந்து ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள் வந்து சேருகிற இடம் அது. பட்ரீசியா ஜெவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி அங்கே 5000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஒரு புதிய மருந்துக்கு எதிரே வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். மருந்தின் பெயர் மெத்திசிலின். கடைப் பெயர் செல்பெனின். பெனிசிலினுக்குப் பணியாத கிருமிகளைப் பணிய வைக்க வந்த மருந்து. சந்தைக்கு வந்து முழுதாக ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அத்தனை மாதிரிகளில் 3 மட்டும் அந்த மருந்துக்கு அசையவில்லை. மூன்றும் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தவை. ஒன்று சிறுநீரகம் அகற்றப்பட்ட ஒரு நோயாளியுடையது. ஒன்று அந்த நர்ஸுடையது. 1961 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜெவன்ஸ் இதை ஒரு சின்னக் கடிதமாக எழுதினார்.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்று இன்று உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகளில் அஞ்சப்படுகிற கிருமியின் பிறப்புச் சான்றிதழ் அந்தக் கடிதம். அதிலேயே ஒரு நர்ஸ் இருக்கிறார். முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் ஒரு குத்து. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கிருமியைப் பற்றிக் கொஞ்சம். 1880-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழை நுண்ணோக்கியில் பார்த்து, திராட்சைக் கொத்து மாதிரி திரண்டிருந்த உருண்டைகளுக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் அந்தப் பெயரின் முன்பாதிக்குத் திராட்சைக் கொத்து என்றே பொருள். வளர்ப்புத் தட்டில் பொன்னிறமாகப் படர்வதால் பின்னால் ஆரியஸ் என்று சேர்ந்துகொண்டது. பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேருடைய மூக்கின் முன்பகுதியில் இது எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். நான் பேசத் தொடங்கிய பிறகு உங்களில் எத்தனை பேர் மூக்கைத் தொட்டிருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. மூக்கிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து கதவுப் பிடிக்கு, அங்கிருந்து அடுத்த ஆளுக்கு. ஆரோக்கியமானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. தோல் கிழிந்த இடத்தில், அறுவைக் காயத்தில், நரம்பில் போட்ட குழாயில் நுழைந்தால்தான் வினை.

பெனிசிலின் வந்த புதிதில் இந்தக் கிருமி அடங்கிக் கிடந்தது. அடங்கியிருந்த காலம் மிகக் குறைவு. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் என்ற நுண்ணுயிரியலாளர் வருடாவருடம் கணக்கெடுத்தார். 1946-இல் அங்கே கிடைத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளில் பெனிசிலினுக்கு அசையாதவை நூற்றுக்கு 14. அடுத்த வருடம் 38. அதற்கும் அடுத்த வருடம் 59. மூன்றே வருடம்! மருந்து கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு நோயாளியின் உடம்பிலும் கிருமி புதிதாக எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படி இல்லை என்று பார்பர் காட்டினார். எதிர்ப்புள்ள கிருமிகள் முன்பே அங்கங்கே இருந்தன. பெனிசிலின் மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்தது. பிறகு அவை ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்கு நடந்து போயின. கிருமிக்குக் கால் கிடையாது. யாருடைய காலில் நடந்து போயிருக்கும்?

இந்தக் கேள்வி வந்தவுடனே எல்லோரும் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டும். சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் ஃபிலிஸ் ரவுன்ட்ரீ என்ற நுண்ணுயிரியலாளர் இருந்தார். 1950-களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தோலில் கொப்புளம், நிமோனியா. வீட்டுக்குப் போன தாய்மார்களுக்கு மார்பில் சீழ்க்கட்டி. பெனிசிலின் வேலை செய்யவில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸ்கள் உண்டு. எந்த ஃபேஜுக்கு எந்தக் கிருமி மடிகிறது என்று பார்த்து, கைரேகை எடுப்பதுபோல கிருமிக்கு எண் கொடுப்பார்கள். கையிலிருந்த எந்த ஃபேஜுக்கும் சிட்னிக் குழந்தைகளின் கிருமி மடியவில்லை. புதிதாக ஒரு ஃபேஜ் தேடிப் பிடித்தார்கள். அதற்கு 80 என்று எண். கனடாவில் வேறு ஒரு குழு அதே கிருமிக்கு 81 என்ற ஃபேஜைப் பிடித்தது. 80/81 என்ற பெயரில் அந்தக் கிருமி பல நாடுகளின் பிரசவ வார்டுகளில் பரவியது.

ரவுன்ட்ரீ இந்தக் கொள்ளைக்கு முன்பே இன்னொரு வேலை செய்திருந்தார். மருத்துவமனை நர்ஸ்களின் மூக்குகளிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் வேறு சிலரும் இதையே செய்தார்கள். பயிற்சிக்கு வருகிற இளம்பெண்கள் பெனிசிலினுக்குப் பணிகிற சாதாரணக் கிருமியோடோ, கிருமியே இல்லாமலோ வருகிறார்கள். வார்டில் வேலை தொடங்கி மாதங்கள் போகப்போக அவர்கள் மூக்கில் எதிர்ப்புக் கிருமி குடியேறுகிறது. இதை நான் இரண்டு முறை படித்தேன். நர்ஸ் அதை ஊரிலிருந்து கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரி அவளுக்குக் கொடுத்தது. சீருடை, தொப்பி, காலணியோடு அதையும் சேர்த்துக் கொடுத்தது.

இப்போது என் கதை. நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் டிப்ளமோ படித்தவள் நான். எங்கள் ட்யூட்டர் சிஸ்டர் கை கழுவக் கற்றுக்கொடுத்த விதம் இன்னும் மறக்கவில்லை: பரமண்டல ஜெபத்தை மனதுக்குள் நிதானமாக ஒரு தடவை சொல்லி முடிக்கும்வரை கையைத் தேய்க்கவேண்டும். அவசரமாகச் சொன்னால் கையும் சுத்தமாகாது, ஜெபமும் ஏறாது என்பார். அந்தக் கையோடு வெளிநாடு போனேன். எந்த நாடு, எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அறுவைச் சிகிச்சை வார்டில் அடுத்தடுத்து நோயாளிகளின் காயங்களில் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தது. ஒருநாள் காலை ஹேண்டோவர் முடிந்ததும் நர்ஸ்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி மூக்கில் ஸ்வாப் எடுத்தார்கள். அதே காயங்களைத் தினமும் பிரித்துப் பார்த்த டாக்டர்கள் யாரும் அந்த வரிசையில் இல்லை.

மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. இரண்டு பேருக்குப் பாசிட்டிவ். பெயர்களை நர்ஸ்கள் ஓய்வறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இரண்டாவது பெயர் என்னுடையது.

சம்பளமில்லாத விடுப்பு. மூக்கில் தடவ முபிரோசின் களிம்பு ஐந்து நாள், குளோர்ஹெக்சிடின் குளியல், பிறகு மறுபடி மறுபடி ஸ்வாப். விடுதியில் என் அறைத்தோழி, தங்கமான பிள்ளை, என்னுடைய தட்டையும் டம்ளரையும் பேசாமல் தனியாக எடுத்துவைத்தாள். அம்மாவிடம் போனில் சளி என்று சொன்னேன். லேவியராகமத்தின் 13-ஆம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் வேகமாகத் தாண்டிப் போவோம். தோலில் தடிப்புள்ளவனை ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடி பார்த்து, சுத்தமா தீட்டா என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம். அந்த வாரம் அதை மெதுவாகப் படித்தேன்.

வேலைக்குத் திரும்பினேன். அடுத்த வருடம் மறுபடியும் ஸ்வாப் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது நான் செய்ததையும் சொல்லிவிடவேண்டும். மருந்துக்கடையில் ஒரு ட்யூப் முபிரோசின் வாங்கி நாலு நாள் முன்பாகவே தடவிக்கொண்டேன். நான் மட்டுமில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இன்றைக்கு நீங்கள் ஐந்தாவது ஆள் என்றார். ஸ்வாப் சுத்தமாக வந்தது. கிருமி உண்மையில் போயிற்றா, சில வாரங்களுக்குப் பதுங்கியதா, யாருக்குத் தெரியும்? இப்படி அரைகுறையாகத் தடவினால் அந்தக் களிம்புக்கும் கிருமி எதிர்ப்பைப் பெறும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தேன். பலகையில் பெயர் வரக்கூடாது, அவ்வளவுதான்.

பெயர்ப் பட்டியல் என்றதும் ஒரு பழைய பட்டியல் நினைவுக்கு வருகிறது. கிருமி என்ற ஒன்றையே யாரும் அறியாத காலம். ஆக்ஸ்டனின் அதே அபர்டீன் நகரத்தில் அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவர், பிரசவக் காய்ச்சல் பற்றி 1795-இல் ஒரு நூல் எழுதினார். காய்ச்சல் கண்ட பெண்களையும் அவர்களுக்குப் பிரசவம் பார்த்தவர்களையும் அட்டவணை போட்டு, நோயைச் சுமந்து போனவர்கள் பிரசவம் பார்த்தவர்களே என்று காட்டினார். மருத்துவச்சிகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. கூடவே தன்னையும் சேர்த்துக்கொண்டார். நானும் பல பெண்களுக்கு இதைக் கொண்டுபோயிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஊர் அவரைத் தாங்கவில்லை. மறுபடி கடற்படை வேலைக்குப் போய், சில வருடங்களில் இறந்துபோனார். மருத்துவச்சிகள் அந்த ஊரில் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஆனாலும் எங்கள் பலகையில் பட்டியல் ஒட்டியவர்களைவிட கார்டன் எனக்குப் பிடித்தமானவர். தன் பெயரை விட்டுவிட்டு அவர் எழுதவில்லை.

டாக்டர்கள் வரிசையில் இல்லை என்றேன் அல்லவா. 1996-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அறுவைச் சிகிச்சைத் தீவிரப் பிரிவு ஒன்றில் எம்.ஆர்.எஸ்.ஏ. பரவியபோது, தேடலின் முடிவில் ஒரு மருத்துவரின் மூக்கில் போய் நின்றார்கள். அவருக்கு இடையில் சளி பிடித்திருந்தது. அவர் சம்மதத்தோடு ரைனோவைரஸ் கொடுத்துச் சளி பிடிக்க வைத்து, அவரைச் சுற்றியிருந்த காற்றை அளந்தார்கள். சளி இருந்தபோது அவர் காற்றில் விட்ட ஸ்டாஃபிலோகாக்கஸ் சுமார் 40 மடங்கு. முகக்கவசம் போட்டபோது அது வெகுவாகக் குறைந்தது. இதற்கு முன்பே, 1960-இல், நியூயார்க்கில் ஐகன்வால்ட் என்ற குழந்தை மருத்துவர் இதேபோல் கிருமியைக் காற்றில் பரப்பும் குழந்தைகளைக் கண்டு, மேகக் குழந்தைகள் என்று பெயர் வைத்திருந்தார். கட்டுரையாளர்கள் அதை மனதில் வைத்து, தங்கள் மருத்துவரை மேக மனிதர் என்றார்கள். நர்ஸின் மூக்கில் இருந்தால் பலகையில் பெயர், டாக்டரின் மூக்கில் இருந்தால் மேகம்! வேடிக்கைக்குச் சொல்கிறேன். அவர் தன் மூக்கை ஆராய்ச்சிக்குக் கொடுத்தது பெரிய காரியம்.

மூக்கைவிடக் கைதான் முக்கியம் என்பதும் 1960-களிலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக் குழந்தைகள் வார்டில் மார்ட்டிமர் என்பவரின் குழு ஒரு சோதனை செய்தது. கிருமியுள்ள குழந்தையைத் தொட்ட நர்ஸ் கை கழுவாமல் மற்ற குழந்தைகளைத் தொட்டால் என்ன ஆகிறது, மருந்து போட்டுக் கழுவிவிட்டுத் தொட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். கழுவாத கையிலிருந்து குழந்தைகளுக்குக் கிருமி அதிகமாகவும் சீக்கிரமாகவும் போனது. பிறந்த குழந்தைகளை வைத்து இப்படி ஒரு சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அனுமதிக்கவும் கூடாது.

நெதர்லாந்து வேறு வழியில் போனது. தேடி ஒழிப்பது என்பது அவர்கள் கொள்கையின் பெயர். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இருந்து வருகிற நோயாளியை முதலில் தனியறையில் வைத்து ஸ்வாப் எடுப்பார்கள். பாதுகாப்பில்லாமல் பாசிட்டிவ் நோயாளியைத் தொட்டவர்கள் என்றால், நர்ஸ், டாக்டர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஸ்வாப். இருந்தால் நோயாளிகளிடமிருந்து விலக்கி, சிகிச்சை கொடுத்து, சுத்தமான பிறகு திரும்பக் கூப்பிடுவார்கள். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் இங்கிலாந்தில் இரத்தத்தில் கிடைத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளில் நூற்றுக்கு 40-க்கும் மேல் எம்.ஆர்.எஸ்.ஏ.; நெதர்லாந்தில் அது 1 அளவில். கொள்கை கடுமையானது, செலவும் அதிகம். ஆனால் அது எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. 2004 வாக்கில் அந்த வலையில் எதிர்பாராத ஒன்று விழுந்தது: பன்றிப் பண்ணைக் குடும்பங்களிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தது. பண்ணைப் பன்றிகளுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக், ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இங்கிலாந்திலும் நிலைமை மாறியது. எம்.ஆர்.எஸ்.ஏ. 2005 பொதுத் தேர்தலில் அரசியல் பேச்சாகவே ஆனது. ஒவ்வொரு படுக்கை அருகிலும் கைகளில் தேய்க்க ஆல்கஹால் திரவம் வந்தது. 2003-04-இல் ஒரு வருடத்துக்கு 7700 அளவில் இருந்த எம்.ஆர்.எஸ்.ஏ. இரத்தத் தொற்று, 2008-09-இல் 3000-க்கும் கீழே இறங்கியது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது என்ற விதி வந்து டாக்டர்களின் நீளக்கை வெள்ளைக் கோட்டும் கைக்கடிகாரமும் போயின. எங்களுக்கு இது புதிதில்லை. நர்ஸ் ஏன் கடிகாரத்தை நெஞ்சில் தலைகீழாகக் குத்திக்கொள்கிறாள் என்று யாராவது கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்போம்.

மேரி பார்பரிடம் இன்னொரு முறை வருகிறேன். 1950-களின் இறுதியில் அவர் ஹாமர்ஸ்மித்துக்குத் திரும்பி வந்தார். அப்போது மூக்கையும் கையையும் மட்டும் பார்க்கவில்லை. டாக்டர்களின் பேனாவைப் பிடித்தார். பெனிசிலினை இஷ்டத்துக்கு எழுதக்கூடாது, எந்த ஆன்டிபயாட்டிக்கை எப்போது கொடுக்கலாம் என்று மருத்துவமனை முழுவதற்கும் ஒரு கட்டுப்பாடு. எதிர்ப்புக் கிருமிகளின் விகிதம் குறைந்ததை 1960-இல் வெளியிட்டார். 1965-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு வெளியே அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

அந்த 1960-ஆம் வருடத்து நர்ஸிடம் திரும்பி வரலாம். கல்ச்சர் தட்டு ஒன்றைத்தான் சொல்லும்: இந்த இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே கிருமி. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. படிக்கிறவர்களின் மனதுதான் அம்புக்குறி போடுகிறது, பெரும்பாலும் நர்ஸிடமிருந்து நோயாளிக்கு. 2017-இல் அந்தப் பழைய காலின்டேல் மாதிரிகளைச் சேமிப்பிலிருந்து எடுத்து மரபணு வரிசையைப் படித்தார்கள். மெத்திசிலினை எதிர்க்கும் மரபணு 1940-களின் நடுவிலேயே இந்தக் கிருமிக்குள் வந்துவிட்டது என்று கணக்கிட்டார்கள். மெத்திசிலின் என்ற மருந்து உருவாவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பு! பெனிசிலினை வாரி இறைத்ததே அதற்கு வழி செய்தது. அந்தப் பெண் வார்டில் தொப்பி போட்டு நிற்பதற்கு எவ்வளவோ முன்பு முடிந்துபோன விஷயம். அநேகமாக அப்போது அவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்.

அவருடைய தோல் புண்ணும் எப்படி வந்தது என்று தெரியாது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சோப்பும் மருந்தும் போட்டுக் கழுவுகிற கைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் விரல் இடுக்குகளில் தோல் வெடிக்கும். வெடித்த தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் சந்தோஷமாகக் குடியேறும். எரிச்சலுக்குப் பயந்து கை கழுவுவது குறையும். நோயாளியைக் காப்பாற்றக் கழுவிய கையே கிருமிக்கு வீடாகிவிடும்.

இப்போது என் வார்டுக்கு மாணவிகள் வருகிறார்கள். கேரளா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா, ஒன்றிரண்டு நம் பிள்ளைகளும். முதல் நாள் அவர்களுடைய கைகளை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன். அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என நினைத்து நகங்களை மறைப்பார்கள். நான் பார்ப்பது வெடிப்பு இருக்கிறதா என்று. இருந்தால் லாக்கரிலிருந்து க்ரீமை எடுத்துக் கொடுத்து, ஊழியர் நலப் பிரிவுக்குப் போன் செய்து, அன்றைக்கு டிரஸ்ஸிங் ட்ராலியை நான் எடுத்துக்கொள்வேன். பெயரை எங்கேயும் எழுதமாட்டேன்.